அஸீலா ராத்தாவின் கண் போன வழி

என் ராத்தா, அதாவது அக்கா, அஸீலா பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எதைப் படித்தாலும் முன்னும் பின்னும் ஆடுவாள். ஐந்து வயதில் மதரஸாவில் ஓதியபோது வந்த பழக்கம். மருந்துச் சீட்டைக்கூட ஆடிக்கொண்டேதான் படிப்பாள்.

ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்காக இரண்டு வருடம் அந்த நாட்டு மொழியைப் படித்தாள். "தமிழ்ல கண்ணு பைய நடக்கும்டி. இதுல படம் மாதிரி இருக்குற எழுத்துக்கெல்லாம் தாவித் தாவிப் போகும்" என்பாள்.

கடைசித் தேர்வு வீட்டிலேயே, லேப்டாப்பில். அதன் கேமரா கண்ணையும் தலையையும் கவனிக்கும். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு மூடிவிடும். மறுபடி எழுத முடியாது. முந்தின நாள் மாதிரித் தேர்வில் ராத்தா ஆடிய ஆட்டத்துக்கு ஐந்தே நிமிடத்தில் மூடிவிட்டது.

அதனால் மறுநாள் காலை உம்மா துப்பட்டாவால் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள்.

"நான் ஓடியா போவப்போறேன், உம்மா?" என்று ராத்தா சிரித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

நான் கதவிடுக்கில் நின்றேன். அரை மணி நேரம் நன்றாகப் போனது. பிறகு வாசலில் மீன்காரர் ஹார்ன் அடித்தார். ராத்தாவின் கண் அந்தப் பக்கம் போய் வந்தது. லேப்டாப்பில் 'டிங்'. ஒன்று.

உம்மா வாசலுக்கு ஓடினாள். "அண்ணாச்சி, புள்ள பரிச்சை எழுதுதா. சத்தம் போடாமப் போங்க."

"வீட்டுக்குள்ளயா பரிச்சை?"

"ஜப்பான் பரிச்சை. போங்கங்கேன்!"

அடுத்த பகுதி மேலிருந்து கீழாக எழுதியிருந்தது. வலது ஓரத்தில் தொடங்கிக் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறவேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ராத்தாவின் இமை தாழ்ந்தது. மடியில் ஏதோ வைத்துப் பார்க்கிறாள் என்று கேமரா எடுத்துக்கொண்டதோ என்னவோ, 'டிங்'. இரண்டு.

ராத்தா அப்படியே உறைந்துவிட்டாள். கண் அசையவில்லை. நேரம் மட்டும் ஓடியது. படிக்காவிட்டால் தேர்வு போகும், படித்தாலும் போகும்.

அப்போது அவள் கால் மெல்லத் தரையை உந்தியது. பிளாஸ்டிக் நாற்காலி, கை எட்டுகிற தூரம்வரை, துளித்துளியாகப் பின்னால் போனது. தூரத்தில் மொத்தப் பக்கமும் சின்னதாகிவிட்டது. கண் அவ்வளவு இறங்க வேண்டியதில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

நேரம் முடிந்து திரை வெளுத்தது. நான் உள்ளே ஓடினேன்.

"ஏட்டி தஸ்மியா, மூணாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல ராத்தா. முடிஞ்சிட்டு. எந்திரி."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "முதல்ல அதை மூடு" என்றாள்.

நான் லேப்டாப்பை மூடிய பிறகுதான் அவள் கண் அசைந்தது.