திறக்காத மெமரி கார்டு

செஞ்சியில் எங்கள் வீடியோகிராபர் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வல்லத்திலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான ஆள், உட்காரவே மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் மெமரி கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, "இத ஓப்பன் பண்ண முடியுமா?" என்று எல்லாரிடமும் கேட்பார். கார்டு கெட்டுப்போய், அவர் எடுத்த ஒரு கல்யாண வீடியோ அதில் சிக்கியிருந்தது. கல்யாணம் முடிந்த சில நாளில் பெண்ணின் அப்பா இறந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு சண்ட போடுதா?" என்று கேட்டேன்.

"போட்டாகூட பரவால்லண்ணா. 'எங்க நைனா பேசனது கொஞ்சம் கெடச்சா போதும்'னு மட்டும் சொல்லுச்சு. அதான் இருப்புக் கொள்ளல."

போன கூட்டத்தில் ஒரு நண்பர் அதிலிருந்து சில நொடிகளை மீட்டுவிட்டார். படம் இல்லை, அந்த அப்பாவின் குரல் மட்டும்: "மாப்ள வூட்டுக்காரங்க எல்லாம் சாப்டாங்களா?"

வல்லத்துக்காரர் உடனே வண்டியை எடுத்தார். என்ன சொல்லி அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்திருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.