நான் கிழித்த தாள்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தது ஒரே வரி: ‘நான் இல்லைன்னா அம்மாவுக்குப் பாரம் குறையும்.’ பத்தாம் வகுப்பு. நான் அவளுடைய கணக்கு டீச்சர். நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன்.

படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இத வேற யாரும் பாத்தாங்களா டீச்சர்?”

அடுத்து, “அம்மாவ வரச் சொல்லுங்க. டி.சி.யக் குடுத்து அனுப்பிருவோம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பள்ளிக்கூடம் பேரு வரக் கூடாது.”

பிள்ளையைக் கை கழுவுவதற்கு எங்கள் பள்ளியில் டி.சி. என்று பெயர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

அவளுடைய அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காயெடுக்கிறவர். அங்கே போன் எடுக்காது. மலைக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் போடியில் எல்லோரும் ஜீப் டிரைவரிடம்தான் சொல்லிவிடுவோம். நானும் சொன்னேன்: “அண்ணே, அந்தப் புள்ள சாகப்போறேன்னு எழுதிருக்கா, அவ அம்மாவ வெரசா வரச் சொல்லுங்க.” அவர் தோட்டத்து வாசலில் நின்று அதை அப்படியே கூவியிருக்கிறார். பாவம், அவரைச் சொல்லி என்ன? ஒரு பிள்ளையின் மானத்தை ஏலக்காய் மூட்டைபோல ஜீப்பில் ஏற்றிவிட்ட அறிவுகெட்டவள் நான்தான்.

ஜீப் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்குத் திரும்பி வந்தால், அவளைத் திருடியைப்போல வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். காலி வகுப்பறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று மற்ற டீச்சர்கள் பயமுறுத்தினார்கள். சுத்தப் பொய்.

“சாகணும்னு தோணுதா ஆத்தா?” என்று நேராகவே கேட்டேன்.

“ஆமா டீச்சர்,” என்றாள். பிறகு அழுதாள். அழுது முடித்து ஒரு மணி நேரம் பேசினாள். அதுவரை யாருமே அவளிடம் கேட்டதில்லை.

மதியம் அம்மா வந்தார், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் சாக்கைக்கூட அவிழ்க்காமல். தலைமையாசிரியர் ஒரு தாளை நீட்டினார். மாணவிக்கு எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று அதில் இருந்தது.

அம்மா பேனாவைத் தொடவில்லை. “இதுல கையெழுத்துப் போட்டா எம்புள்ள உசுரோட இருப்பாளா சார்?”

நான் தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தேன். ஆட்டோ பிடித்து மூன்று பேரும் அரசு மருத்துவமனைக்கு, மனநல டாக்டரிடம் போனோம். அதன்பிறகு வாராவாரம் போனோம்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மெமோ வந்தது: பள்ளி ஆவணத்தைக் கிழித்த குற்றத்துக்கு விளக்கம் தேவை. அந்தப் பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

விளக்கம் எழுதிக் கொடுத்தேன்: ‘ஆம், கிழித்தேன். மாணவி இன்று வகுப்புக்கு வந்திருக்கிறாள்.’