பென் டிரைவில் கழன்ற பூட்டு

மருத்துவமனைப் பதிவு எழுத்தர் நோயாளிகளின் கோப்புகளை, தன்னுடையதும் சேர்த்து, கணினியில் பூட்டியே வைத்திருப்பார். அவருடைய கடவுச்சொல் இல்லாமல் ஈ எறும்பு நுழையாது. புதுக் கணினி வந்ததும், அதற்கு மாற்றுவதற்காக எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினார். "இதில் பூட்டு நிற்காது, பூட்டில்லாமல் நகலெடுக்கலாமா?" என்று திரை கேட்டது. திரை எதைக் கேட்டாலும் படிக்காமல் 'சரி'யை அழுத்துவது அவருடைய பதினெட்டு வருடப் பழக்கம்.

மறுநாள் புதுக் கணினியில் உட்கார்ந்த நர்ஸ் கூவினாள்: "என்னண்ணே, உங்க சர்க்கரை நானூறாமே! அண்ணி நூத்திப்பத்துன்னுல்ல சொன்னாங்க?"

"அடிப்பாவி, மெதுவா பேசும்மா!"

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? லேப்ல மட்டுந்தான் சொன்னேன்."

கோப்புகளை மறுபடி பூட்டி, பென் டிரைவைத் துடைத்துவிட்டு, மனைவியிடம் தானே சொல்லிவிடலாமென்று வீட்டுக்கு ஓடினார். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்; லேப்பிலிருந்து போன் வந்திருந்தது.