அப்பா கேட்ட கேரண்டி

பல் டாக்டர் என் வாய்க்குள் நீல விளக்கைப் பிடித்ததும் பல் அடைக்கும் பசையின் காட்டமான வாடை மூக்கில் ஏறியது.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் படியில் விழுந்து முன்பல்லைப் பாதி உடைத்துக்கொண்டேன். வெள்ளைப் பசை வைத்து அடைத்த டாக்டரிடம், சாலைக் கடைத்தெருவில் மிக்சி விற்றுப் பழுதும் பார்த்த அப்பா, "இதுக்கு கேரண்டி எத்தன வருஷம் சாரே?" என்று கேட்டார்.

"அஞ்சு வருஷம் நின்னா பாக்யம்," என்றார் டாக்டர்.

அதோடு அப்பாவின் நிம்மதி போயிற்று. தினமும் காலையில் யூனிபாரத்தோடு என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கிரீஸ் மணக்கும் விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்பார். "இருக்கு மக்களே. கொய்யாக்காயக் கடிச்சிராத." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து வருஷம் கடந்தும் அவர் விடவில்லை. கல்யாணத்தன்று மணமேடைக்குப் போகும்போதுகூட நிறுத்திப் பார்த்தார்.

அந்தப் பசை போன வாரம்தான் விளிம்பில் பெயர்ந்தது. இன்று சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தார்கள். பெயர்ந்ததை அப்பாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை; பல்லைச் சுத்தம் செய்யவென்றே உள்ளே போயிருந்தேன்.

வெளியே வந்தேன். பொய்ப்பல்லுக்கு அளவு கொடுக்க என்னோடு வந்து காத்திருந்த அப்பா, என் வாயையே பார்த்தார். அத்தனை பேர் நடுவில் நானே உதட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இது பழசு இல்லியே மக்களே," என்றார். "கேரண்டி கேட்டியா?"