பச்சை நிறத்தில் போன ரிப்போர்ட்

பெங்களூர் பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அப்போது டிசைன் பிரிவில் இரண்டே பெண்கள் இருந்தோம். நான் வாணியம்பாடியிலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள். இன்னொருத்தி பெங்களூரிலேயே சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது, இரண்டு பஸ் மாறி என் ஹாஸ்டலுக்கு ரசம் சாதம் கொண்டுவந்தவள் அவள். அதன் பிறகு அவளைச் சந்தேகிக்க எனக்குக் காரணமே வரவில்லை.

மின்சார ஆட்டோக்களில் பேட்டரிப் பெட்டியைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்டுகளைச் செய்கிற கம்பெனி அது. வரைவோம், வளைப்போம், சோதிப்போம். உடைந்தால் தகட்டைத் தடிப்பாக்குவோம். அவ்வளவுதான் எங்கள் முறை. புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளர், பிராக்கெட் எவ்வளவு தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ரிப்போர்ட் தர வேண்டும் என்றார். யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது இருவரும் கையைத் தூக்கினோம்.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டோம். முதல் பாடம், ஒரு முனையைச் சுவரில் பதித்து மறுமுனையில் எடை தொங்கவிட்ட கம்பி. அது எவ்வளவு வளையும் என்று கல்லூரியில் படித்த சூத்திரத்தை வைத்து நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். திரையிலும் ஏறக்குறைய அதே எண் வந்தது. அவள் என் கையைக் கிள்ளினாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு கம்ப்யூட்டர் முன்னால்தான்.

கணக்குப் போடும் முன் அந்த சாஃப்ட்வேர் பொருளை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். அதை மெஷ் என்பார்கள். எங்கள் பிராக்கெட்டின் உள்மூலையில் ரேடியஸ் என்று சொல்லும் ஒரு சிறிய வளைவு இருந்தது. அந்த இடத்தில் மட்டும் மெஷ் சரியாக வரவில்லை.

"அந்த ரேடியஸ எடுத்துடு டீ. சின்னதுதானே, சும்னே தலவலி," என்றாள். சும்மாவுக்கு அவள் கன்னடத்தில் சும்னே என்றுதான் சொல்வாள்.

எடுத்தேன். மூலை கூராகிவிட்டது. விடை முழுக்கப் பச்சையாக வந்தது. பச்சை என்றால் பயமில்லை. அவள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மூலையில் இருந்த துண்டுகளைப் பாதியாக்கிப் பார்த்தேன். அழுத்தம் ஏறியது. மறுபடி பாதியாக்கினேன், இன்னும் ஏறியது. கூரான மூலைக்கு உண்மையான விடையே கிடையாது, துண்டு சிறுக்கச் சிறுக்க எண் ஏறிக்கொண்டேதான் போகும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாள் போராடி வளைவைத் திரும்ப வைத்தேன். இப்போது எண் ஓர் இடத்தில் நின்றது. அது இரும்பு தாங்கும் அளவைத் தாண்டி நின்றது.

அவளிடம் காட்டினேன். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

"ரிப்போர்ட் திங்கக்கிழம போகணும். இப்ப போய் டிசைனே தப்புன்னா என்ன ஆகும்?"

"தெரிஞ்சே எப்படிடீ அனுப்புறது?"

"சரி, நான் மேனேஜர்கிட்ட பேசுறேன். நீ ஊருக்குக் கிளம்பு. அம்மாவுக்கு ஆபரேஷன் இருக்கில்ல."

அம்மாவுக்குக் கண்ணில் புரை. நான் போய்விட்டு நான்கு நாள் கழித்து வந்தேன். "சொல்லிட்டேன், அவர் பாத்துக்கிறேன்னாரு," என்றாள். நம்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து, வாடிக்கையாளரின் சோதனைக்கூடத்தில் அந்த மூலையில் பிராக்கெட் விரிசல் விட்டது. மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் ரிப்போர்ட் இருந்தது. முதல் பக்கத்தில் அந்தப் பச்சைப் படம். கீழே, செய்தவர் என்று என் பெயர். சரிபார்த்தவர் என்று அவள் பெயர்.

"மெஷ் பண்ணது இவதான் சார். நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்," என்றாள். குரல் நடுங்கக்கூட இல்லை.

அவர் கம்ப்யூட்டரிலேயே என் ஃபைலைத் திறந்து, ஊருக்குப் போகும் முன் நான் போட்ட கணக்கைக் காட்டினேன். தேதி இருந்தது, விரிசல் விட்ட அதே மூலை சிவப்பாக இருந்தது.

அவர் நிதானமாகக் கன்னடத்தில் கேட்டார். உடையும் என்று உனக்கு முன்பே தெரியும். பிறகு ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை?

"இவகிட்ட சொன்னேன் சார். உங்ககிட்ட சொல்லிட்டதா சொன்னா."

என் அறை பத்தடி தூரத்தில்தானே இருக்கிறது, என்றார்.

நான் சரியாகப் போட்ட கணக்கே என் குற்றமாகிவிட்டது. இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

படிக்கட்டில் அவளை நிறுத்தினேன். "என் பேர எதுக்குப் போட்ட?"

"உனக்கு நல்ல பேர் கிடைக்கட்டும்னுதான்."

"அப்ப உள்ள ஏன் அப்படிச் சொன்ன?"

"அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சு, விடு." கீழே இறங்கிப் போய்விட்டாள்.

ரிப்போர்ட்டைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். ஊரிலிருந்து நான் திரும்பிய அன்று அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டு எப்போது பிரித்தார்கள், சொட்டு மருந்து யார் விடுகிறார்கள் என்று அம்மாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரிப்போர்ட் அதற்குள் போய்விட்டிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வளைவைப் பெரிதாக்கி, அடியில் ஒரு தாங்கல் வைத்து, எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டேன். இந்த முறை ரிப்போர்ட்டை நானே மேனேஜர் கையில் கொடுத்தேன். பிராக்கெட் சோதனையில் தேறியது. சில மாதங்களில் அவளுக்கு வைட்ஃபீல்டில் இதே கணக்குப் போடும் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் அவள் காட்டியது நான் திருத்திய அந்தப் பிராக்கெட்டைத்தான் என்று அங்கே இருந்த ஒருவர் பிற்பாடு சொன்னார். கடைசி நாள் கேக் வெட்டினாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சாப்பிட்டேன்.

போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "ஒரு எடத்துல மெஷ் சரியா வரல டீ, கொஞ்சம் பாரேன்." எங்கே தவறு என்று பார்த்தவுடனே தெரிந்தது. பதில் போடவில்லை.