ஆமென் சொல்லுமுன் ஓடியவர்

சபையாருக்கு என் வந்தனம். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சாட்சியைச் சாந்தமாகத் தொடங்க வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது.

1987 மே மாதம் கூமாப்பட்டியில் என் மகள் கிணற்றில் விழுந்தாள். நாலு வயது. மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தாள். கர்த்தர் அவளைத் திருப்பிக் கொடுத்தார். இந்தப் பதினோரு வருடத்தில் என்னைத் தவிர எல்லோரும் இதை மேடையில் சொல்லிவிட்டார்கள். சொன்ன ஒவ்வொருவரும் ஒரு ஆளை விட்டுவிட்டுச் சொன்னார்கள். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் செல்வராணி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நானும் விடவில்லை, திருப்பிப் பேசினேன். கர்த்தரிடமும் தினம் சண்டை. "ஒமக்குக் காது கேக்கா, இல்லையா" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். எட்டாவது வருடம் ஜெபா பிறந்தாள். அவளை விட்டால் எனக்கு வேறு பிள்ளை கிடையாது.

அவளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அம்மா ஜெபம் பண்ணும்போது கூப்பிடக் கூடாது. ஒருநாள் நடுவில் கூப்பிட்டதற்கு முதுகில் ஓர் அடி வைத்தேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதே இல்லை.

வருடா வருடம் மே மாதத்தில் எங்கள் சபையிலிருந்து மூன்று நாள் கிராம ஊழியத்துக்குப் போவோம். அந்த வருடம் வத்திராயிருப்புப் பக்கம். பதினைந்து பேர், ஒரு வேன். ஜெபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கமாக வருகிற டிரைவருக்குக் காய்ச்சல் என்று புது ஆளை அனுப்பியிருந்தார்கள். சீனிவாசன், தளவாய்புரத்துக்காரர். இருபத்தைந்து வயது இருக்கும். கிறிஸ்தவக் கூட்டம் எதற்கும் வந்தவரில்லை. கையில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்.

வேனில் ஏறியதும் குழுத் தலைவர் என் காதில் சொன்னார்: "தங்கச்சி, மூணு நாளும் இந்தத் தம்பி நம்ம கூடத்தான் இருப்பாரு. இந்த ஆத்துமா ஒன் பொறுப்பு. ஊர் திரும்புறதுக்குள்ள ஆண்டவர ஏத்துக்கிட ஒரு முடிவு எடுக்க வச்சிரு."

மில்லில் ஒரு ஷிப்டுக்கு இத்தனை நூல் கோன் முடிக்க வேண்டும் என்று சொல்வார்களே, அப்படித்தான் நானும் எடுத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பேசினேன். அங்கிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் பேசினேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே "சரிக்கா, சரிக்கா" என்றார். சாப்பாட்டுக்கு முன் நாங்கள் ஜெபித்தபோது அவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றாராம். ஜெபா வந்து சொன்னாள்.

"தம்பி, ஜெபம் பண்ணும்போது கண்ண மூடணும்" என்றேன்.

"நான் வண்டி ஓட்டுறவன்க்கா. கண்ண மூடிப் பழக்கமில்ல" என்று சிரித்தார்.

கேலி பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டேன். அப்போதே எனக்குள் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் கூமாப்பட்டிக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் இறங்கினோம். பக்கத்தில் பம்புசெட் கிணறு. சுற்றுச்சுவர் இல்லை, தரையோடு தரையாக இருந்தது. எல்லோரும் வட்டமாக நின்றோம். தலைவர் என்னை ஜெபிக்கச் சொன்னார். ஜெபா, ஊரில் கொடுத்து மீந்துபோன ரோஸ் நிறச் சுவிசேஷக் கைப்பிரதிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். ஒருவரை நேருக்கு நேர் திட்ட முடியாவிட்டால் ஜெபத்தில் திட்டுவோம். மாமியார் மருமகளைத் திட்டுவாள், கமிட்டிக்காரர் பாஸ்டரைத் திட்டுவார். கேட்கிறவர் திருப்பிப் பேச முடியாது, நடுவில் ஆமென் வேறு விழும். அன்றைக்கு நான் டிரைவரைத் திட்டினேன். "ஆண்டவரே, இரண்டு நாளாகச் சொல்லியும் இளகாத இந்தக் கல் மனதை உடைத்துப்போடும். உமக்கு முன் பணியாத இந்தப் பெருமையை நொறுக்கும்." குரல் ஏற ஏற எனக்கு ருசியாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

நடுவில் அவர் குரல் கேட்டது. "அக்கா… பாப்பா…"

குறுக்கே பேசுகிறாரே என்று நான் சத்தத்தைக் கூட்டினேன். தலைவர் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அவர் குரலை அமுக்கினார். "அக்கா, பாப்பா கெணத்துகிட்ட" என்று மறுபடியும் கத்தியிருக்கிறார். அது எங்கள் ஆமெனில் மூழ்கிப்போனது. பதினைந்து பேரில் ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. என் ஜெபத்தில் பாவம் உணர்த்தப்பட்டு, தாங்க முடியாமல் ஓடுகிறான் என்று நினைத்தேன். "ஓடுகிறவனை விடாதேயும் ஆண்டவரே, துரத்திப் பிடியும்" என்று கத்தினேன்.

அப்போது தண்ணீரில் தொப்பென்று சத்தம். அதற்கு அப்புறம்தான் என் கண் திறந்தது.

ரோஸ் தாள்கள் கிணற்றில் மிதந்தன. காற்று கொண்டுபோன தாளைப் பிடிக்கப் போயிருக்கிறாள். அவள் ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். சீனிவாசன் இரண்டு தடவை முங்கி மூன்றாவது தடவை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பம்பு குழாயில் இடித்து அவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. கரைக்கு வந்ததும் பிள்ளையைக் குப்புறப் பிடித்துத் தண்ணீரை எடுத்தார். மூச்சு நூல் மாதிரி ஓடியது. கண் திறக்கவில்லை.

"ஏறுங்க, வில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றார்.

வேன் பறந்தது. உள்ளே பதினாலு பேரும் சத்தம் போட்டு ஜெபித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எல்லாரும் வாய மூடுங்க" என்று கத்தினேன். எல்லோரும் அடங்கினார்கள். கூரை அதிர ஜெபிக்கிற செல்வராணிக்கு அன்றைக்கு ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, எம்பிள்ள." அவ்வளவுதான் வந்தது. மடியில் அவள் சில்லென்று கிடந்தாள். நான் அதையே சொன்னேன். கண்ணை மூடவில்லை. மூடினால் பிள்ளை போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்ட நேரம், ஜெபா இருமினாள். என் சேலை முழுக்க வாந்தி எடுத்தாள். "அம்மா" என்று அழுதாள். என் ஆண்டவர் கேட்டார். இரண்டே வார்த்தைக்கு இறங்கி வந்தார். நான் சாகும்வரை இதைச் சொல்லுவேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் சீனிவாசன் தலையில் கட்டோடு டீயும் பன்னும் வாங்கி வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, என்னைய மன்னிச்சிருங்க. ஒங்களத் துரத்திப் பிடிக்கச் சொல்லி ஜெபம் பண்ணுனேன்" என்றேன்.

"தெரியும்க்கா. ஓடும்போதே காதுல விழுந்துச்சு" என்றார்.

நான் அழுதேன். அவர் டீயை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "வேன்ல ரெண்டே வார்த்தையத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீங்க. அது யாருகிட்டக்கா சொன்னீங்க?"

அப்போதுதான் நான் அவருக்கு உண்மையாகவே சுவிசேஷம் சொன்னேன். கைப்பிரதி இல்லை, மனப்பாட வசனம் இல்லை. ஏழு வருடம் பட்ட அவமானத்தைச் சொன்னேன். போட்ட சண்டையைச் சொன்னேன். அத்தனையும் கேட்டுக்கொண்டு என்னைத் தள்ளிவிடாத ஒருவரைப் பற்றிச் சொன்னேன்.

"நான் குதிக்கையில எங்க சாமியத்தான் கூப்பிட்டேன்க்கா" என்றார். முந்தின நாளாக இருந்தால் அதற்கே ஒரு பிரசங்கம் வைத்திருப்பேன். அன்றைக்குக் காதுகொடுத்துக் கேட்டேன். பிறகு, "ஒங்க சாமிகிட்ட சண்டையெல்லாம் போடலாமா?" என்றார்.

"நான் தெனமும் போடுதேன் தம்பி."

அவர் சிரித்துவிட்டு டீ கிளாசைக் கொடுக்கப் போனார்.

அடுத்த மாதம் ராஜபாளையத்தில் ஊழிய அறிக்கைக் கூட்டம். தலைவர் மேடையில் சொன்னார்: "சகோதரி ஜெபித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை பிள்ளையைத் தூக்கிவிட்டது." கைதட்டல் விழுந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, அது கண்ணுக்குத் தெரிஞ்ச கைதான். செவப்புக் கயிறு கட்டுன கை. டிரைவர் பேரச் சொல்லுங்க."

"அவரு இன்னும் ரட்சிக்கப்படாதவரு, தங்கச்சி. சபை மேடையில எப்படி…"

"ரட்சிக்கப்பட்ட பதினஞ்சு பேரும் கண்ண மூடிட்டு நின்னோம்ண்ணே. எம்பிள்ள முங்கும்போது நம்ம ஆமென் சொல்லிட்டு இருந்தோம்."

ஒரு வருடம் என்னை யாரும் ஜெபிக்கக் கூப்பிடவில்லை. போகட்டும். ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கை இன்னமும் மேடை மேடையாகப் போகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கர்த்தர் ஒரு மனிதனை அனுப்பினார். அனுப்பிய ஆளை மறைத்துவிட்டு அனுப்பியவருக்கு மகிமை சேர்க்க முடியாது.

1991-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனிவாசன் தானாகவே சபைக்கு வந்தார். அவருடைய முதல் குழந்தை பிறந்து பதினைந்தாம் நாள் இறந்திருந்தது. நான் ஓடிப்போய் வாசலில் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சண்ட போடலாம்னு சொன்னீங்கள்லக்கா. போட வந்திருக்கேன்" என்றார்.

"வாங்க தம்பி" என்று உள்ளே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சண்டை இரண்டு வருடம் நடந்தது. அதற்குப் பிறகு அவரே கேட்டு ஞானஸ்நானம் எடுத்தார்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் மடியிலும் ஏதாவது ஒன்று சில்லிட்டுக் கிடக்கலாம். அழகான ஜெபம் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே போங்கள். இரண்டு வார்த்தை போதும், அவர் கேட்கிறார். ஆனால் பக்கத்தில் நிற்கிற மனிதனைத் திட்ட அவர் பெயரைத் தொடாதீர்கள்.

ஜெபாவுக்கு இப்போது பதினைந்து வயது. ஜெபத்தின் நடுவில் எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் நான் நிறுத்திவிட்டு என்ன என்று கேட்கிறேன். சீனிவாசன் இன்றைக்கும் சபையில் கடைசி வரிசையில், கதவுப் பக்கம் நிற்கிறார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடுகிறோம். அவர் மூடுவதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.