அவள் காலுக்குத் தெரிந்த தாளம்

நான் அருப்புக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மருமகள் இருந்தாள். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்களுக்கு நெசவாளர்களுக்குச் சாயப்பொடி விற்கிற கடை. முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம் குடித்தனம். அக்கா உயரமானவள், சத்தமாகச் சிரிப்பவள். எந்தத் தறிக்காரருக்கு எந்தச் சிவப்பு வேண்டும் என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே டப்பாவை எடுத்து வைத்துவிடுவாள். நான் தாவரவியல் படித்துவிட்டு வந்தவள். ஆனால் அந்தக் கடையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, அக்கா முதன்முதலாக உண்டானாள். ஒன்பதாம் மாதம் ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்தே பிறந்தது. அக்காவுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் ஒன்றும் இல்லை.

“பொம்பளப் பிள்ளையா, ஆம்பளப் பிள்ளையா?” என்று என் மாமியாரிடம் கேட்டாள்.

“அது எதுக்கு இப்ப? மொதல்ல ஒடம்பத் தேத்து” என்றார் அத்தை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. முன்கூட்டியே தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளை அவள் கண்ணில் படாமல் என் பெட்டியில் அடியில் வைத்துக்கொண்டேன். அதை நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

சில மாதம் கழித்து அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் வந்தது. தெருவில் கொட்டுமேளத்தோடு தீச்சட்டி எடுத்து வந்தார்கள். அக்கா தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். கூட்டம் கடந்து தெருமுனை திரும்பியது. அவள் நின்ற இடத்திலேயே மரம் மாதிரி விழுந்தாள். பல் கிட்டிப்போய், கை இரண்டும் விறைத்துக் கிடந்தன. தண்ணீர் தெளித்தோம். எழுந்ததும், “என்ன ஆச்சு?” என்று எங்களையே கேட்டாள்.

அதிலிருந்து எங்கே கொட்டுச் சத்தம் கேட்டாலும் இதே கதைதான். மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை, மனசுதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கிளிப்பச்சை கேட்டவருக்கு ஊதாவை நிறுத்துக் கொடுத்தாள். அத்தை வேறொரு வழி கண்டுபிடித்தார். தெருவில் சாமி ஊர்வலம் வருகிற நாளில் கதவைச் சாத்தி, அக்காவின் காதில் பஞ்சை அடைத்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். அவளுடைய இரண்டு கையையும் நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாளையம்பட்டியிலிருந்து சாயம் வாங்க வருகிற ஒரு பெண்ணுக்குப் பிறந்த ஊர் நரிக்குடிப் பக்கம். அவள்தான் தன் ஊரில் இருக்கிற கோடாங்கியைப் பற்றிச் சொன்னாள். உடுக்கை அடித்து, ஆளைப் பிடித்திருப்பது எதுவென்று கேட்டுச் சொல்கிறவர். எனக்குக் கோபம் வந்தது.

“அடிப்பாக, முடியப் பிடிச்சு இழுப்பாக அத்தை. நான் பார்த்திருக்கேன். வேண்டாம்” என்றேன்.

அத்தை பதில் சொல்வதற்குள் அக்கா கேட்டாள். “அங்க கொட்டு இருக்கும்ல?”

“இருக்கும்.”

“அப்பப் போவோம். காதுல பஞ்சு வைக்காம ஒரு தடவ கேக்கணும்.”

ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பினோம். அக்கா, அவள் கணவரான மூத்தவர், அத்தை, நான். மூத்தவருக்கு அதிகம் பேசுகிற பழக்கம் இல்லை. திருச்சுழி தாண்டும்வரை ஜன்னல் வழியே மிளகாய்க்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கிக் கருவேலங்காட்டு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. மூத்தவர் கோடாங்கி வீட்டுக்குள் வரவில்லை. ஆட்டுக்கிடைப் பக்கம் நின்றுகொண்டார்.

நான் பயந்த மாதிரி ஆள் இல்லை கோடாங்கி. மற்ற நாளில் ஆடு மேய்க்கிறவர். குளித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். சுவரில் ஆணியில் உடுக்கை தொங்கியது. ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான். அவருடைய மனைவி சாம்பிராணிக்குக் கங்கு எடுத்து வந்தாள். அவள் இன்னொரு கையில் ஒரு சேகண்டி, வெண்கலத்தில். பாட்டில் அவளும் கூடச் சேர்ந்து பாடுவாளாம்.

கோடாங்கி என்னைப் பார்த்துக் கேட்டார். “கொட்டு வாரப்ப விழுறாகளா, போறப்ப விழுறாகளா?”

நான் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொட்டு தெருவைக் கடந்து தூரத்தில் தேயும்போதுதான் விழுந்திருக்கிறாள். அத்தனை நாள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

“போறப்ப” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உடுக்கையை எடுத்தார். “அப்பச் சத்தம் போறதுதான் இவுகளுக்குத் தாங்கல. ஒவ்வொரு சாமிக்கும் ஒரு அடி இருக்கு தாயி. எந்த அடிக்கு இவுக கால் எந்திரிக்குதுன்னு பாப்போம். நான் யாரையும் தொட மாட்டேன்.”

முதலில் கருப்பனுக்கு அடித்தார். குதிரை ஓடுகிற வேகம். அந்தச் சிறிய கருவியிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அக்கா கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அடுத்துக் காளிக்கு. பிறகு ராக்காச்சிக்கு. ஒவ்வொன்றுக்கும் பாட்டு வேறு, கை விழுகிற இடம் வேறு. அக்காவிடம் ஒரு அசைவும் இல்லை. கோடாங்கிக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போது அவர் மனைவி மெல்லச் சொன்னாள். “பிள்ளத்தாச்சிக்கு அடிச்சுப் பாருங்க.”

கர்ப்பமாக இருந்தபோதே செத்துப்போன ஒருத்திக்கு அந்த ஊர்க் கண்மாய்க்கரையில் கல் நட்டுக் கும்பிடுகிறார்கள். அவளைத்தான் பிள்ளைத்தாச்சி அம்மன் என்கிறார்கள். அவளுக்கான அடி வேகமில்லாதது. கோடாங்கி உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரலால் இறுக்கியும் தளர்த்தியும் அடித்தார். சத்தம் விம்மி விம்மி இறங்கியது. பாட்டை அவர் மனைவிதான் எடுத்தாள். பேறுகாலம் நெருங்கியவள் ஒருத்தி தண்ணிக்குப் போன வழியைச் சொல்லிக்கொண்டு போகிற பாட்டு.

அக்காவின் வலது கால் பெருவிரல் தரையில் தட்டியது. பிறகு பாதம். பிறகு அவள் எழுந்துவிட்டாள். விழப்போகிறாள் என்று நான் பாய்ந்தேன். கோடாங்கியின் மனைவி கையை நீட்டித் தடுத்தாள். அக்கா விழவில்லை. கொண்டை அவிழ, கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். உடம்பில் இருந்த விறைப்பெல்லாம் காலுக்கு இறங்கித் தரையில் போவதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் ஆடினாள் என்று தெரியவில்லை.

“வந்திருக்கது யாரு? பேரச் சொல்லு” என்றார் கோடாங்கி.

“நான் யாருமில்ல. பிள்ளையப் பெத்தவ.”

“ஒனக்கு என்ன வேணும்?”

“எம் பிள்ளைய எங்க வச்சிருக்கீக?”

சேகண்டி நின்றுவிட்டது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோடாங்கி மட்டும் அடியை விடாமல், சத்தத்தைக் குறைத்துக்கொண்டே சொன்னார். “தெரிஞ்சவுக சொல்லிருங்க. அவுக கேக்குறாகல்ல.”

மூத்தவர் தலையைக் குனிந்து வாசல் வழியே உள்ளே வந்தார். அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நம்ம காட்டுலதான் வச்சிருக்கேன்” என்றார். “ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தாக. அங்கன எங்கயாச்சும் விட்டுட்டு வர மனசு வரல. மஞ்சப் பையில வச்சு, பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டுப் போனேன். கண்டக்டரு பையில என்னன்னு கேட்டுருவாரோன்னு பயந்துக்கிட்டே போனேன். அவரு கேக்கல. கெணத்துக்குத் தெக்க, வரப்போரம் வச்சு ஒரு கல்லும் போட்டிருக்கேன். பொம்பளப் பிள்ள. தல நெறைய முடி. ஒன்னய மாதிரி.”

அவரைப் பெற்ற அத்தைகூட அவர் இவ்வளவு பேசிக் கேட்டிருக்க மாட்டார். அக்கா உட்கார்ந்தாள். விழவில்லை, உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அழுததை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் குடும்பத்துக்குத் திருச்சுழிப் பக்கம் கிணற்றோடு கொஞ்சம் புஞ்சைக் காடு உண்டு. திரும்பும் வழியில் அங்கே இறங்கினோம். வரப்போரத்தில் ஒரு கல் கிடந்தது. தெரியாதவர்களுக்கு அது வெறும் கல். அக்கா அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் படுப்பதுபோல. மூத்தவர் தோளில் கிடந்த துண்டை விரித்து வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை அவள் காலடியில் உட்கார்ந்தார்.

“நாந்தான் சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்டச் சத்தியம் வாங்கினேன்” என்றார். “சொன்னா நீ இங்கயே வந்து கெடப்பேன்னு பயந்தேன். எனக்கும் ரெண்டு இப்பிடிப் போச்சு. எங்க வச்சாகன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

அத்தை காலைப் பிடித்துவிட்டபோது அக்கா இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் இரண்டு தடவை விழுந்தாள். மதுரை டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு வருஷம் கழித்துத்தான் நிறுத்தினார். காட்டுக்குப் போய்வந்ததை அவரிடம் சொன்னோம். உடுக்கையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்காகப் பின்னால் வெட்கப்பட்டேன். அவளிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது அந்த உடுக்கைதான். நாங்கள் காதை அடைத்தோம்.

அக்காவுக்கு மறுபடி பிள்ளை தங்கவில்லை. ஆனால் கடை அவள் கைக்குத் திரும்பி வந்தது. சின்னச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எடுத்து வைத்தாள். என் மகள் பிறந்தபோது அவற்றில் இரண்டை அவளே போட்டுவிட்டாள். ஒவ்வொரு மாசியிலும் சாமி கும்பிடக் கோடாங்கி ஊருக்குப் போவாள். மூத்தவரும் போவார். பிள்ளைத்தாச்சிக்கு அடிப்பார்கள், இவள் ஆடுவாள். அது இப்போது நோய் இல்லை. அவளைத் தேடி வந்த சாமி.

தொண்ணூறுகளில் ஒரு மாசி. நாங்கள் போனபோது கோடாங்கி வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குத் தழை ஒடிக்க மரம் ஏறி விழுந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இந்த அடி மதினிக்குத் தெரியுமே” என்றாள் அக்கா, கோடாங்கியின் மனைவியைக் காட்டி.

“பொம்பள உடுக்கையத் தொடுறதா?” என்றார் ஒரு பெரியவர்.

“பாடுறது யாரு? இத்தன வருசமா அவுகதான பாடுறாக?” என்றாள் அக்கா.

எல்லாரும் கோடாங்கியைப் பார்த்தார்கள். அவர் இடது கையால் ஆணியிலிருந்து உடுக்கையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். “கயித்த ரொம்ப இறுக்காத. அறுந்துரும்” என்றார்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாங்கினாள். முதல் இரண்டு மூன்று அடி கோணலாக விழுந்தது. அவளே சிரித்துவிட்டாள். பிறகு பிடித்துக்கொண்டாள். அவள் அடி கணவருடையதைவிட நிதானமாக, ஆழமாக இருந்தது. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை. அக்கா ஆடி முடித்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து கறிச்சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.